முட்டி எத்தனை முறை பிசகியது?

“ஜவ்வு கிழிந்துவிட்டதாம், டாக்டர். எத்தனை நாளுக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும்?” எலும்பு மூட்டுப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் வாரத்துக்குப் பலமுறை எழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் அடிபட்டவர் அல்லர். உடன் வந்திருக்கும் தந்தையோ, அண்ணனோ, கணவரோ கேட்பார். கையில் எம்.ஆர்.ஐ. படம் இருக்கும். இங்கு வருவதற்கு முன்பே அவருக்கு இரண்டு விடைகள் கிடைத்திருக்கும். “உடனே செய்யாவிட்டால் மூட்டே தேய்ந்துவிடும்” என்று ஒருவர் அச்சுறுத்தியிருப்பார். “வலிதான் போய்விட்டதே, பிறகு எதற்குக் கத்தி?” என்று மற்றொருவர் தேற்றியிருப்பார். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. இவற்றுக்கிடையே அலைக்கழிந்து, முப்பது வயதிலேயே முழங்காலின் குருத்தெலும்பை இழந்து நிற்பவர்களை நாங்கள் தொடர்ந்து பார்த்துவருகிறோம். அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் ‘ஜவ்வு’ என்னும் சொல்லைப் பார்ப்போம். முழங்காலுக்குள் எலும்பு தவிர்த்த எல்லாவற்றுக்கும் நம் பேச்சு வழக்கில் அதுவே பெயர். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு உறுப்புகள் அடங்கியிருக்கின்றன. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கயிறுபோல் பிணைத்து வைத்திருப்பது தசைநார். ஏ.சி.எல். என்று நாங்கள் குறிப்பிடுவது, மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் அத்தகைய ஒரு தசைநாரைத்தான். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், உடம்பைத் திருப்பும்போது மூட்டு சுழன்றுவிடாமலும் அது பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவ மெத்தை. ஒவ்வொரு முழங்காலிலும் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. மூன்றாவதுதான் குருத்தெலும்பு, எலும்பு முனைகளின்மீது படிந்திருக்கும் வெண்மையான, வழவழப்பான உறை.

கபடி ஆட்டத்திலோ இருசக்கர வாகன விபத்திலோ அறுந்துபோவது பெரும்பாலும் முதலாவது. அதற்கு மாற்று உண்டு. நோயாளியின் சொந்தத் தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த தசைநாரின் இடத்தில் பொருத்துகிறோம். இரண்டாவது கிழிந்தால் சில வேளைகளில் தைக்கலாம். மூன்றாவது அழிந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பிரிட்டனின் உடற்கூற்றியல் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743இல் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையிலேயே, அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று பதிவு செய்திருக்கிறார். இன்று எலும்பில் நுண்துளையிடுவது, செல்களை வளர்த்துப் பதிப்பது என்று பல சிகிச்சைகள் வந்துள்ளன. சிலருக்கு அவை நல்ல பலனும் தருகின்றன. ஆயினும் இயற்கை தந்த அந்த உறைக்கு ஈடான ஒன்றை இன்னும் எவராலும் உருவாக்க முடியவில்லை.

குருத்தெலும்பின் தடிமன் பெரும்பாலான இடங்களில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி நீர். அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. காலை அசைக்கும்போதும் அளவாக எடை தாங்கும்போதும் அத்திரவம் அதற்குள் சென்றுவருகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் கட்டுப்போட்டு அசைக்காமல் வைத்திருப்பது மூட்டுக்கு ஓய்வாக அமைவதில்லை, பட்டினியாகவே அமைகிறது.

குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. நோயாளிகளும் குடும்பத்தினரும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது. அடிபட்ட முதல் வாரங்களில் உணரும் வலி, மூட்டின் உள்ளுறையிலிருந்தும் அடிபட்ட எலும்பிலிருந்தும் வருவது. வீக்கம் வடிந்ததும் அது குறையும். ஆறு வாரத்தில் நடக்கலாம், எட்டு வாரத்தில் வண்டி ஓட்டலாம். ஏ.சி.எல். அறுந்தே இருக்கும்; வலி மட்டும் போயிருக்கும். அதன்பின் குருத்தெலும்பு சிறிது சிறிதாக உரிந்தாலும் அது குரல் எழுப்பாது. சிதைவு அடியிலுள்ள எலும்பை எட்டிய பிறகே வலி வரும். வலி இல்லாததை நலத்தின் சான்றாக எடுத்துக்கொள்வது மற்றப் பல நோய்களில் பொருந்தலாம். முழங்கால் தசைநார் காயத்தில் பொருந்தாது.

எக்ஸ்ரேயும் இதில் துணைவராது. அதில் தசைநார் தெரிவதில்லை. “எலும்பு முறியவில்லை” என்று அறிக்கை வந்ததும், “ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குதான்” என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. பிறகு உருவிவிடுவதும் பச்சிலைக் கட்டும் நடக்கின்றன. கட்டுப்போடும் வைத்தியர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. எலும்பு மருத்துவர் இல்லாத ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் அவர்களை நாடி வந்திருக்கிறார்கள். ஆனால் திரும்பும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம், அடுத்த சில மணி நேரத்துக்குள் முழங்கால் முழுவதும் வீக்கம் என்று எவரேனும் சொன்னால், அது மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததன் அடையாளம். ஏ.சி.எல். காயத்தின் மிகப் பொதுவான வரலாறு இதுதான். அந்தக் காலை எண்ணெய் தேய்த்து உருவக் கூடாது.

இனி, அவசரப்படுத்துபவர்களுக்கு என் விடை. காயம்பட்டவுடன் வீங்கி, சூடேறி, நேராக நீட்ட முடியாமல் இருக்கும் முழங்காலில் அறுவை செய்வது நல்லதன்று. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவர் ஷெல்போர்னும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வாரத்திலேயே அறுவை செய்யப்பட்டவர்களுக்கு மூட்டு இறுகிப்போகும் சிக்கல் கூடுதலாக இருந்தது. மூன்று வாரம் கடந்து செய்யப்பட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. இன்றைய பயிற்சி முறைகளோடு பார்க்கையில், நாள் கணக்கைக் காட்டிலும் முழங்காலின் நிலையே முக்கியம் என்று நாங்கள் கருதுகிறோம். வீக்கம் வடிந்திருக்க வேண்டும். மறுகாலைப் போலவே முழுமையாக நீள வேண்டும். தொடையின் முன்தசை விழித்துக்கொண்டு, காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்யாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் சிலருக்கு மூன்று வாரத்தில் வரும். சிலருக்கு எட்டு வாரம் ஆகும்.

அறுவை செய்தே ஆகவேண்டுமா என்பதும் எல்லோருக்கும் ஒரே விடையுள்ள கேள்வியன்று. சுவீடனில் 121 இளம் வயதினரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். தொழில்முறை வீரர்கள் அதில் இல்லை. ஒரு பிரிவினருக்குக் காயம்பட்ட பத்து வாரத்துக்குள் அறுவையும் பயிற்சியும். மறுபிரிவினருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்னர் அறுவை. 2010இல் வெளியான இரண்டாண்டு முடிவில், நோயாளிகளின் நலத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தனர். ஐந்தாண்டு முடிவதற்குள் அது 30 ஆயிற்று. அதாவது, ஏறக்குறைய பாதிப்பேர் அறுவையின்றியே வாழ்க்கையை நடத்தினர். “எல்லோருக்கும் உடனே” என்ற வாதத்தை இந்த ஆய்வு தளர்த்திவிட்டது என்றே நினைக்கிறேன்.

அறுவை செய்துகொண்டால் மூட்டுத் தேய்மானமே வராது என்று எவரேனும் உறுதி அளித்தால் அதையும் நம்ப வேண்டாம். ஏ.சி.எல். அறுந்த பெண் கால்பந்து வீராங்கனைகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பரிசோதித்து 2004இல் வெளியான மற்றொரு சுவீடன் ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. அவர்களின் சராசரி வயது அப்போது 31தான். அறுவை செய்துகொண்டவர், செய்துகொள்ளாதவர் என்ற வேறுபாடு அதில் தெளிவாகத் தென்படவில்லை. காரணம் விளங்காததன்று. தசைநார் அறுந்த அந்த நொடியிலேயே தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன, எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்புக் கன்றலாக அது தெரியும். எலும்பு கன்றும் அளவுக்கு விழுந்த அடியை அதன்மேலுள்ள குருத்தெலும்பும் வாங்கியிருக்கும். அந்த முதல் அடியை எந்த அறுவையாலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது அடியைத் தடுக்க முடியும். அறுவையின் பயன் அங்கேதான் இருக்கிறது.

அந்த அடுத்தடுத்த அடிகள் எப்படி விழுகின்றன? சரிவான சாலையில் பழுதாகி நிற்கும் லாரியின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிரேக் இருக்கும்வரை அந்தக் கல்லுக்கு வேலை குறைவு. பிரேக் அறுந்துவிட்டால் முழு வண்டியின் சுமையும் அந்தக் கல்லின்மேல் வருகிறது. ஏ.சி.எல். அறுந்த முழங்காலில் உட்புற மெனிஸ்கஸின் பின்பகுதி அந்தக் கல்லாகிறது. ஒவ்வொரு முறை முட்டி பிசகும்போதும் தொடை எலும்பு அதன்மேல் ஏறி நசுக்குகிறது. ஒரு நாள் அது கிழிகிறது. மெனிஸ்கஸ் போனபின் குருத்தெலும்புக்கு மெத்தை இல்லை. மெனிஸ்கஸை அகற்றிய முழங்கால்களில் எக்ஸ்ரே மாற்றங்கள் தோன்றுவதை ஃபேர்பேங்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1948ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார். நார்வே நாட்டின் தேசிய முழங்கால் தசைநார்ப் பதிவேட்டைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வு, காயத்துக்கும் அறுவைக்கும் இடையே கழியும் ஒவ்வொரு மாதமும் குருத்தெலும்புச் சிதைவின் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுவதாகக் கண்டது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களுக்கோ குருத்தெலும்புச் சிதைவு ஏறக்குறைய இரு மடங்கு.

மாதத்துக்கு ஒரு சதவீதம் என்பது சிறிய எண். ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போனதற்காகத் தூக்கம் இழக்க வேண்டியதில்லை என்பதற்கும் அதுவே சான்று. ஆனால் அது ஒரு சராசரி. வீட்டோடு இருந்து பயிற்சி செய்தவரும் அதில் அடக்கம். முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஊர்த்திருவிழாக் கபடியில் இறங்கியவரும் அடக்கம். இருவருக்கும் கழிந்தது ஒரே ஆறு மாதம். முழங்காலுக்குள் நடந்தது ஒன்றன்று. ஆகவேதான் என்னிடம் வருபவர்களிடம் “அடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று?” என்பதோடு நிறுத்தாமல், “அதற்குப் பின் எத்தனை முறை பிசகிற்று?” என்று கேட்கிறேன். முதல் கேள்விக்கு எல்லோரிடமும் விடை உண்டு. இரண்டாவதற்குப் பலர் விழிப்பார்கள். வீட்டிலுள்ள தினசரி நாட்காட்டியில் பிசகிய நாளன்று ஒரு கோடு போடுங்கள். அன்றிரவு வீங்கியிருந்தால் கோட்டின் மேல் ஒரு வட்டம். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இல்லாத செய்தியை அந்தத் தாள்கள் எங்களுக்குச் சொல்லும்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகும் வரப்பில் நடக்கும்போது, பேருந்தின் படியிலிருந்து இறங்கும்போது, பின்னால் யாரோ கூப்பிட்டுத் திரும்பும்போது முட்டி பிசகுமானால், இனியும் காத்திருப்பதில் பொருளில்லை. இது என் தனிப்பட்ட எண்ணம் மட்டுமன்று. காயம்பட்டுச் சில காலம் கழிந்தும் பிசகல் நீடித்த 316 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அறுவைப் பிரிவினர் தெளிவாக மேலான நிலையில் இருந்தனர். பயிற்சிப் பிரிவிலிருந்தும் ஐந்தில் இரண்டு பேர் அளவுக்கு இறுதியில் அறுவைக்கே வந்தனர். மாறாக, நாற்பத்தைந்து வயது, மேசை வேலை, மூன்று மாதத்தில் ஒருமுறைகூடப் பிசகவில்லை, விளையாட்டு ஆசையும் இல்லை என்றால், தொடையை வலுப்படுத்திக்கொண்டு அப்படியே வாழலாம். அவரைப் பயமுறுத்தி அறுவைக்கு அழைத்துச் செல்ல எனக்கு விருப்பமில்லை.

சில நிலைமைகளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நேராக வர மறுத்தால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கக்கூடும். நாட்கள் செல்லச் செல்ல அதைத் தைக்கும் வாய்ப்பு குறையும். அந்த வாரமே வாருங்கள். விபத்தில் முழங்கால் விலகி, பாதம் குளிர்ந்தோ மரத்தோ போனால் இரத்தக் குழாய் காயம்பட்டிருக்கலாம். அன்றிரவே, அந்த மணி நேரமே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். வளரும் பிள்ளைகளின் நிலையும் வேறு. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது முன்பு வழக்கமாக இருந்தது. ஆனால் பிள்ளைகளை ஓடாமல் நிறுத்தி வைக்க எவராலும் முடிவதில்லை. காத்திருப்பில் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் போய்விடுகின்றன. வளர்ச்சித் தட்டைப் பாதிக்காத அறுவை முறைகள் இப்போது உள்ளன.

காத்திருக்கும் காலத்தைப் பற்றிக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். தாயோ மனைவியோ அன்போடு வைக்கும் அந்தத் தலையணையால் மடங்கியே கிடக்கும் முட்டி, பிறகு நேராக நீள மறுக்கும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாகத் தாழ்ந்து நீளட்டும். ஒரு நாளைக்குப் பலமுறை, பத்துப் பத்து நிமிடம். தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நோயாளி மறந்தால் நினைவூட்டுங்கள். வீக்கம் வடிந்தபின் நிலைமிதிவண்டி நல்லது. திரும்புதல், குதித்தல், கிக்கர் உதைத்தல் வேண்டாம். இப்படி நடந்துகொண்டால், தேர்வு முடியட்டும் என்று கேட்கும் மாணவருக்கும், அறுவடை முடியட்டும் என்று கேட்கும் விவசாயிக்கும் மறுப்புச் சொல்ல எனக்குக் காரணமில்லை. அறுவடையில் அவர் தாமே வயலில் இறங்காமலிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பணம்தான் தடை என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். காப்பீட்டு முகப்பில் எது அடங்கும், எது அடங்காது என்று முதல் வருகையிலேயே கேட்டுவிடலாம். கூச்சத்தில் கழியும் மாதங்களும் முழங்காலின் கணக்கில்தான் சேர்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகன் ஆட்டத்தில் அடிபட்டால் மூன்றே வாரத்தில் எங்கள் முன் வந்து நிற்கிறான். மருமகள் வண்டியின் பின் இருக்கையிலிருந்து விழுந்தால் மூன்று ஆண்டு கழித்து வருகிறார். குழந்தைக்குப் பால் மறக்கட்டும், நாத்தனார் கல்யாணம் முடியட்டும், மாமனாருக்குக் கண் அறுவை ஆகட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு. குடத்தைத் தூக்கித் திரும்புகையில் எத்தனை முறை பிசகியது என்று கேட்டால், “அது அடிக்கடி வருமே” என்பார். பொதுவாக இளைஞர்களுக்கே உரியதாகப் பேசப்படும் இந்தக் காயத்தில், தாமதத்தின் விலையை அதிகமாகக் கொடுப்பவர்கள் வீட்டுப் பெண்கள்தாம் என்பது என் அனுபவம். இவ்விதழைப் படிப்பவர் எவரேனும் தம் வீட்டில் “முட்டி பிசகுது” என்று ஒரு பெண் சொல்லிக் கேட்டிருந்தால், அவருடைய நாட்காட்டிக் கோடுகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு அவரை அழைத்து வாருங்கள்.

அறுவைக்குப் பிறகும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. பொருத்திய புதிய தசைநார் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகே மெல்ல உயிர்ப்பெறுகிறது. அந்தக் காலத்திலும் வலி இருக்காது. ஓடலாம் என்றே தோன்றும். அறுவை செய்துகொண்ட விளையாட்டு வீரர்களைப் பற்றி நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் போட்டிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டு வருபவர்களுக்கு நான் கையெழுத்திடுவதில்லை. அதற்காகச் சில பயிற்சியாளர்கள் என்மீது வருத்தத்தில் இருக்கிறார்கள்.